ஃபான்ஸ் கரீன் தூங்கவில்லை

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. பாட்டு எழுதுகிறவள் சொல்வதை யார் நம்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நாலு நிமிஷத்துக்குள் ஆளைச் சிரிக்கவைத்து அழவும் வைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் புளுகத்தான் வேண்டும். நானும் வண்டி வண்டியாகப் புளுகியிருக்கிறேன். ஆனால் இதில் ஒரு சொல்கூட என் கைச்சரக்கு இல்லை. இருந்தால் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் லோரெட்டா பவர். செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் இருக்கிறேன். கிதாரைத் தூக்கிக்கொண்டு நியூஃபவுண்ட்லாந்துத் தீவு முழுக்க அலைந்து, வீட்டுச் சமையலறைகளில் பாடுவதுதான் பிழைப்பு. மைக் கிடையாது, மேடை கிடையாது. இருபது, இருபத்தைந்து பேர். உட்கார ஆளுக்கொரு நாற்காலியை அவரவர் வீட்டிலிருந்தே தூக்கி வருவார்கள். முன்னால் இருப்பவரின் முழங்கால் என் முழங்காலில் இடிக்கும். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவரிடம் பொய் செல்லாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நன்றாகவே செல்லும்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. இருபத்தாறு வருஷத்துக்கு முன் மர்ஃபி குடாவில் மூடுபனியில் ஒரு மீன்பிடிப் படகு பாறையில் மோதி மூன்று பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில் பனி இறங்கினால், கடல்முனையில் ஒருவர் நின்று சங்கு ஊத வேண்டும். கரை எந்தப் பக்கம் என்று படகில் இருப்பவர்களுக்கு அதை வைத்துத்தான் தெரியும். அன்று ஊத வேண்டியவர் அல்ஃபோன்ஸ் கரீன். ஃபான்ஸ் என்று கூப்பிடுவார்களாம். 'முனையிலிருந்து சங்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை' என்று ஒரு பழைய வாரப் பத்திரிகையில் ஒரு வரி இருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்று எழுதிவிட்டேன்.

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானாக எழுதினேன். பாட்டுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். அவன் பெயர் மெட்டில் பாந்தமாக உட்கார்ந்தது. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் கடைசிச் சொற்களைப் பாட மாட்டோம். ராகத்தை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். பாட்டு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். உடனே கேட்பவர்களில் ஒருவர் "உண்மைப் பாட்டு" என்பார். அதற்கு மேல் பாராட்டு எங்களுக்கு இல்லை. என் பாட்டின் கடைசிச் சொற்கள், "ஃபான்ஸ் தூங்கிப்போனான்." போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் 'உண்மைப் பாட்டு' என்று சொல்லத் தவறியதில்லை. நானும் வெட்கமில்லாமல் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில் ஒரு போன் வந்தது.

"மர்ஃபி குடாவிலேருந்து ஃபிலோமினா பேசறேன், கண்ணு. உன் பாட்ட ரேடியோல கேட்டேன். நம்ம வீட்ல வந்து பாடறியா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஊரைப் பற்றி எழுதினேனோ அந்த ஊரே கூப்பிடுகிறது! முழுப் பெயரைக்கூடக் கேட்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் இரண்டாவது ஞாயிறு. பகல் இரண்டேகால் மணிக்கு ஊருக்குள் காரை விட்டேன். கடலிலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. தோளில் நாற்காலியைச் சுமந்தபடி ஒருவர் நடந்துகொண்டிருந்தார். வழி கேட்டேன்.

"ஃபிலோமினா வீடா? கரீன் வீடுன்னு கேளு, தங்கம். அந்தப் பச்சை வீடு. நானும் அங்கதான் போறேன். நாற்காலியும் கையுமா போறதப் பாத்தா, பொண்டாட்டி துரத்திவிட்டுட்டான்னு நெனைப்பாங்க."

"கரீனா?"

"ஆமா. ஃபான்ஸோட சம்சாரம். ஏன், பாட்டு எழுதினவளுக்கே தெரியாதா?" என்றார். சிரிக்கவில்லை.

காரைத் திருப்பியிருக்கலாம். வண்டி பழுது என்று ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். திருப்பவில்லை. இருபது பேர் நாற்காலியோடு வந்திருக்கிறார்கள், திரும்பிப் போனால் தீவு முழுக்கப் பேசுவார்கள் என்று என் பெயரைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். ஃபான்ஸின் பெயரைப் பற்றி அல்ல.

ஃபிலோமினா சின்ன உருவம். அறுபதைத் தாண்டிய வயது. டப்பாப் பால் ஊற்றிய டீயும் காட்டுப் பழம் வைத்துச் சுட்ட அப்பமும் கொடுத்தார். சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரோ எழுந்து மூடப்போனார்கள்.

"அத மூடாதீங்க," என்றார்.

நான் அவர் காதருகே போனேன். "அம்மா... அந்தப் பாட்ட மட்டும் இன்னிக்கு விட்டுடறேனே."

"அதுக்காகத்தானே உன்னக் கூப்பிட்டேன். ஊர் ஊராப் பாடின. இங்கயும் பாடு."

மூன்று மணிக்கு ஆரம்பித்தேன். எட்டுப் பாட்டு. எல்லாம் நன்றாகவே போயின. நாற்காலிக்காரர் பெயர் ஆம்ப்ரோஸ். என் வேடிக்கைப் பாட்டுக்குத் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்குள் பனி ஜன்னல் வழியாக இறங்கி, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் நின்றது.

நாலு பத்து. "இப்ப அதப் பாடு," என்றார் ஃபிலோமினா.

பாடினேன். முதல் சரணத்தில் படகு புறப்பட்டது. இரண்டாவதில் பனி. மூன்றாவதில் ஃபான்ஸின் பெயர் வந்தது.

பூ...ஊ...ஊ...

முனைப் பக்கமிருந்து. தூரத்தில். கனத்த சத்தம். ஏதோ கப்பல் என்று நினைத்தேன். ஆனால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி அவர் பெயரைப் பாடினேன்.

பூ...ஊ...ஊ...

நான் மூச்சு வாங்கும்போது அதுவும் மூச்சு வாங்கியது. நான் அடுத்த வரியை எடுத்தால் அதுவும் எடுத்தது. எதிரே ஆம்ப்ரோஸ் கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதடு எரிந்தது. நாக்கில் உப்பு.

கடைசிச் சொற்களுக்கு வந்துவிட்டேன். மாற்றியிருக்கலாம். ஒரே ஒரு சொல். 'ஊதினான்' என்று சொல்லியிருக்கலாம். அங்கே, அந்த வீட்டில், அவர் மனைவிக்கு முன்னால்...

"ஃபான்ஸ் தூங்கிப்போனான்," என்றேன்.

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை, அதுவும் பொய். நடுவில் நிறுத்தினால் நிகழ்ச்சி கெட்டுவிடுமே என்று பயந்துதான் சொன்னேன்.

யாரும் 'உண்மைப் பாட்டு' என்று சொல்லவில்லை. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஆம்ப்ரோஸ் எழுந்து தொப்பியை மாட்டினார்.

"மெட்டு நல்லாத்தான் இருக்கு, தங்கம். ஆளுதான் வேற யாரோ," என்றார். ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போனார்கள்.

ஃபிலோமினா ஒரு துணியை நீட்டினார். எதற்கு என்று புரியாமல் வாயில் வைத்தேன். சிவப்பாகத் திரும்பியது. மேலுதடும் கீழுதடும் வெடித்துப் பிளந்திருந்தன.

அவர் என் வாயைப் பார்த்தபடியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவருக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

சொன்னார். அன்று சாயங்காலம் முனையில் ஏறி நின்ற ஃபான்ஸ், விடியும்வரை ஊதியிருக்கிறார். காற்று கரையைப் பார்த்து அடித்தது. சத்தம் கடலுக்குப் போகவே இல்லை. காலையில் போய் இறக்கியபோது உதடு கிழிந்து, சங்கு கையோடு ஒட்டிக் கிடந்தது. நெஞ்சுக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மூன்று நாள் ரத்தமாக இருமிவிட்டுச் செத்துப்போனார். அடுத்த வாரப் பத்திரிகையில் வந்ததாம். அந்த நூலகத்தில், அதே பத்திரிகைக் கட்டுக்குள், நான் படித்த இதழுக்கு அடியில்தான் அது இருந்திருக்கும். அதைப் புரட்ட எனக்குச் சோம்பல்.

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"கேட்டியா? அவர் ஊதினது உனக்குக் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேட்டிருக்குமே, அம்மா..."

"யாருக்கும் கேக்கல. எனக்கும் கேக்கல."

அவர் முகம் கோணியது. "ஊரைக் கூட்டி வெச்சு உன் மானத்த வாங்கணும்னுதான் கூப்பிட்டேன். பாடி முடிச்சதும் நாக்கப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். இருபத்தாறு வருஷமா, பனி எறங்கினா போதும், இந்த ஜன்னலத் தெறந்து வெச்சுட்டு ஒக்காந்திருக்கேன். ஒரு தடவ வந்தாரா எனக்கு? பொய் சொன்ன ஒனக்கு வந்திருக்காரு!"

நான் கிதாரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மறுபடி பாடு," என்றார்.

"முடியாதும்மா. அது பொய்."

"பொய்யாவே பாடு. அதுக்குத்தான் அவரு வர்றாரு."

ஐந்தரை மணி இருக்கும். பாடினேன். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

பூ...ஊ...ஊ...

இப்போது மாதா கோயில் பக்கத்தில்.

பூ...ஊ...ஊ...

வேலிக்கு அருகில்.

ஃபிலோமினா இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்துவிட்டார். "எங்க? எங்க நிக்கறார்? சொல்லேன்டி!"

ஜன்னலுக்கு நேர் கீழே... ஈரமாக... ஒருவர் மூச்சை இழுத்தார்.

கிதாரைப் போட்டுவிட்டு ஓடினேன். கடைசிச் சொற்களைச் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை.

அதன்பிறகு பாட்டை மாற்றி எழுதினேன். இப்போது அதில் ஃபான்ஸ் விடியவிடிய ஊதுகிறார். பழையதைப் போடாதீர்கள் என்று ரேடியோக்காரர்களைக் கெஞ்சினேன். என் பாட்டைப் பாடுகிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நான் எழுதியது பொய் என்று வாய்விட்டுச் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. நல்ல வெயில். கடையில் டப்பாப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். மணி இரண்டு நாற்பது.

பூ...ஊ...ஊ...

கடையின் வாசலிலிருந்து. கையிலிருந்த டப்பாவின் மேல் என் ரத்தம் சொட்டியது.

ஏன் என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஹாலிஃபாக்ஸில் நுவாலா என்று ஒரு பாடகி இருக்கிறாள். அந்த வியாழக்கிழமை, அதே நேரத்தில், ஒரு வீட்டில் என் பாட்டைப் பாடியிருக்கிறாள். பழைய சொற்களோடு.

"உங்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன், நுவாலா! வேணாம்னுதானே சொன்னேன்?"

"நீ சொன்னக்கா. ஆனா அந்த வயசான அம்மா போன்ல அழுதாங்களே. மர்ஃபி குடாவிலேருந்து. 'பழைய மாதிரியே பாடு, ஒரு சொல்லும் மாத்தாத'ன்னாங்க. எத்தன மணிக்குப் பாடுவேன்னுகூடக் கேட்டு வெச்சுக்கிட்டாங்க."

போனை வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டில் இருந்தேன். மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. அது அடங்குவதற்குள் போன் அடித்தது.

"கேக்குதா, கண்ணு?"

வாயில் துணியை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"கிட்ட வந்திருக்காரா?"

"கதவுக்கு வெளிய," என்றேன்.

"கதவத் தெற. போனை வெளிய நீட்டு."

வேறு யார் கேட்டிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன். வயர் எட்டுகிற மட்டும் போனை நீட்டினேன். குளிர்ந்த ஈரக்காற்று விரல்மேல் பட்டது. அப்புறம், என் கைக்கு ஒரு சாண் தள்ளி, காது அடைக்கிற மாதிரி...

அடங்கியதும் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் ஃபிலோமினா மூக்கை உறிஞ்சினார்.

"ஒண்ணும் கேக்கல, கண்ணு," என்றார். "பரவால்ல. புதன்கிழமை பாஸ்டன்ல ஒரு பையன் பாடறேன்னு சொல்லியிருக்கான்."

இன்று செவ்வாய்.