பச்சைப் பலகை

அந்த மீனைக் கொன்றவன் நான். பழியை அதை வளர்த்தவர் மேல் போட்டவனும் நான். இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

யுத்தம் முடிந்த வருடம், புலம்பெயர்ந்து வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த வீட்டின் பேஸ்மெண்டில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவரைத் தாயாக நின்று வளர்த்த அக்கா ஊரில் வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தார். இங்கே அவருக்கென்று இருந்தது ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு மீனும்தான். தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் கெளிறு. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. தண்ணீருக்குள் கிடக்கும் மரக்கட்டையைக் கறண்டித் தின்னும். அந்தக் கறகற சத்தம் மேலே நாங்கள் சமைக்கும் குசினிவரை கேட்கும்.

“வாடகை குடுக்காத ஆள் இவர்தான் அண்ணை. உங்கட வீட்டைத் தின்னாமல் விட்டால் சரி,” என்று சிரிப்பார்.

அக்காவின் தொலைபேசி அழைப்புகள் நின்றபின் அவர் சிரிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரத்தில் நடந்த ஆர்ப்பாட்டங்களிலேயே நின்றார். உடுப்பு மாற்ற வந்த ஒரு நாள், “கட்டை முடியப்போகுது. மீன் கடையில ஒண்டு வாங்கிப் போட்டுவிடுங்கோ அண்ணை,” என்றார்.

கடைக்குப் போகச் சோம்பலாய் இருந்தது; பஞ்சிப்பட்டேன். பின்வளவில், டெக் என்ற பழைய மரத்தளத்தைக் கழற்றிய பலகைகள் கிடந்தன. ஒரு துண்டை அரிந்து, மிதக்காமல் கல் வைத்து அமிழ்த்தினேன். ஊரில் இரசாயனம் படிப்பித்தவன் நான். உக்காமலிருக்க நஞ்சேற்றியதால்தான் அந்தப் பலகை பச்சையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழசுதானே, மழையில் கழுவுப்பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில நாட்களில் மீன் மல்லாந்து கிடந்தது. பலகையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று அவர் வந்தார். தொட்டியைப் பார்த்து, “என்ன நடந்தது அண்ணை?” என்றார்.

“நீர் றோட்டில போய் நிண்டால் இதை ஆர் பாக்கிறது? பாக்க ஆளில்லாமல் செத்துப்போச்சு.”

அவர் கோபப்படவில்லை. “ஓம் அண்ணை. என்னால ஒண்டையும் காப்பாத்தேலாது,” என்றார்.

அடுத்த மாதம் வீடு மாறினார். அக்காவைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை என்று பின்னர் யாரோ சொன்னார்கள்.

என் மனைவி இறந்தபின், வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாமல் போனபோது, பேஸ்மெண்டில் இருந்தவர் சொன்ன அந்தக் ‘காப்பாத்தேலாது’ எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அதே இன மீன் ஒன்றையும் நல்ல ஆற்றுக்கட்டை ஒன்றையும் வாங்கினேன். மூடிபோட்ட வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் அவர் குடிபோயிருந்த விட்பிக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

“அதைச் சாகடிச்சது நானெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்,” என்றார். பிறகு, “இப்ப நானில்லை எண்டு தெரியுது. அதால அக்கா வந்திட்டாவோ?”

வாளியின் மூடியை அவர் திறந்து பார்க்கவில்லை. “கொண்டு போங்கோ அண்ணை. இனி இந்த வீட்டில உயிருள்ள ஒண்டையும் நான் வளக்கேல்லை.”

அதற்குப் பிறகு நான் அழைத்தபோதெல்லாம் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மீன் என்னோடுதான் இருக்கிறது. நாள் முழுக்கக் கட்டையைக் கறண்டுகிறது. தொட்டியின் அடியில் சேரும் மரத்தூளை நான் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறேன். மறுநாளும் அவ்வளவு சேர்ந்திருக்கிறது.