திங்கட்கிழமை விடுமுறை

என் கடை வாசலில் தொங்கும் பலகையை என்னால் படிக்க முடியாது. கன்னட எழுத்து பெரிதாகவும் அதன் கீழே ஆங்கிலம் சின்னதாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று பலகை செய்து கொடுத்தவர் சொன்னார், நம்பி மாட்டிவிட்டேன். விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் தினமும் ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பேன். சொந்தக் கடையின் பெயரை முகஜாடை வைத்து அடையாளம் கண்டுகொள்வது கொஞ்ச நாளில் பழகிவிட்டது. கடை என்று சொன்னால் என்னிடம் வருகிற பெண்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கு இது ஸ்டூடியோ. எங்கள் ஊர் ஆம்பூரில் ஸ்டூடியோ என்றால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் இடம். அதனால் என் கணவர் தன் ஷூ கம்பெனியில் "வீட்ல யோகா கிளாஸ் எடுக்கறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுப்பது பிலாட்டீஸ். மூச்சோடு சேர்த்து வயிற்றையும் முதுகையும் வலுவாக்கும் பயிற்சி. இதை விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் நானும் யோகா என்றே சொல்லிவிடுகிறேன்.

"பெங்களூரு என்ன அமெரிக்காவா? பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போட்டா வந்துடுது" என்பார்கள் ஊரில். உண்மைதான். நான் விமானம் ஏறவில்லை, விசாவுக்கு வரிசையில் நிற்கவில்லை. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வந்தால் கடைப் பலகைகளின் எழுத்து மாறும், அவ்வளவுதான் என் எல்லைக்கோடு. ஆனால் கடல் தாண்டிப் போனவர்களுக்கு, நினைத்த நேரத்தில் வர முடியாததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. பக்கத்தில்தானே இருக்கிறாள், ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடியே என் வருடங்கள் போகின்றன.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்தக் கீழ்த்தளத்தை எனக்கு வாடகைக்குக் கொடுத்தவர் மாடியில் குடியிருக்கும் சரோஜம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரிஃபார்மர் வந்து இறங்கிய அன்று மாடிப்படியில் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்கில் முன்னும் பின்னும் ஓடும் நீளமான மெத்தைப் பலகை அது. ஆள் அதில் படுத்துக்கொண்டு காலால் தள்ள வேண்டும்.

"இதேனம்மா, மஞ்சானா?" என்றார். கட்டிலா என்று கேட்கிறார். இல்லை, உடற்பயிற்சிக்கு என்று எனக்குத் தெரிந்த அரைக் கன்னடத்தில் சொன்னேன்.

"வியாயாமானா? மல்கொண்டா?"

படுத்துக்கொண்டு செய்கிற உடற்பயிற்சியை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ராத்திரியில் யாரும் இங்கே தங்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு மேலே போனார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள், பொழுது சாய்ந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற சாக்கில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். அவர் சந்தேகம் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் நடுவில் நான் அதன்மேல்தான் படுத்துத் தூங்கினேன்.

ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் நான். கட்டுப் பிரித்த கால்களையும் வாதம் வந்த கைகளையும் அசைக்க வைப்பது என் வேலை. பிலாட்டீஸ் படிக்க பெங்களூருக்கு வந்து, படிப்பு முடிந்ததும் வைட்ஃபீல்டில் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பி.ஜி. ஹாஸ்டலில் மூன்று பேர் படுக்கும் அறை. மகள் தாரணி அப்போது இரண்டாம் வகுப்பு. அவளை என் கணவரும் அவருடைய அக்கா விமலா அண்ணியும் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி தனியாள், எங்களோடேயே இருப்பவர், தாரணிமேல் உயிரையே வைத்திருப்பவர். சம்பள வேலையை விட்டுத் தனியாகத் தொடங்கலாம் என்று நான் துணிந்ததே தாரணிக்காகத்தான். "நம்ம கடைன்னா நேரமும் நம்மளது" என்று கணவரிடம் சொன்னேன். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று தாரணிக்கு வாக்குக் கொடுத்தேன். அவளும் தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லிவிட்டாள்.

முதல் சில மாதங்கள் ஈ ஓட்டினேன். இலவச வகுப்புக்கு வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள், மறுவாரம் வர மாட்டார்கள். பிறகு அனுராதா வந்தார். தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னிடம் தமிழ் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி சரோஜம்மாவிடம் கன்னடத்தில் கேலி பேசுவார். அந்தச் சரளத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர் தன் அபார்ட்மென்ட் பெண்களிடம் சொல்லி ஆள் சேர்த்தார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

"மேம், காலைல ஆறு மணிக்கு வெச்சுடுங்க. என் பொண்ணு ஏழேகாலுக்கு எழுந்துப்பா. அப்ப நான் பக்கத்துல இல்லைன்னா அன்னைக்கு பூரா மூஞ்ச தூக்கி வெச்சுப்பா."

சரி என்றேன். இன்னும் சிலர், கணவர் ஆபீஸ் கேபில் வந்து இறங்கியதும் குழந்தையை ஒப்படைத்துவிட்டு வருவதாக மாலை நேரம் கேட்டார்கள். சனி, ஞாயிறு என்றால் எல்லோருக்கும் வசதி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கோடை தொடங்குவதற்குள் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அளவுக்கு வகுப்புகள் நிரம்பிவிட்டன. யாருமே வராமல் போய்விடுவார்களோ என்று பயந்தவள், எல்லோரும் வந்த பிறகுதான் வசமாக மாட்டிக்கொண்டேன். மற்றவர்கள் ஓய்வாக இருக்கும் நேரம்தான் எனக்குப் பிழைப்பு. அந்த நேரத்தில்தான் என் மகளும் வீட்டில் இருப்பாள்.

மே மாத விடுமுறையில் தாரணி வந்தாள். பக்கத்தில் நான் எடுத்திருந்த சின்ன வீட்டில் அவளைத் தனியாக விட முடியாது, அதனால் இருட்டோடு எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருவேன். கடை மூலையில் ஒரு பயிற்சிப் பாயில் சுருண்டு படுத்திருப்பாள். மாலையில் மாடியில் சரோஜம்மாவோடு கன்னட சீரியல். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொள்ளாத கன்னடத்தை அவள் சில நாட்களிலேயே பேசினாள். பக்கத்துப் பள்ளியில் இடமும் சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் காலை வகுப்பு முடிந்ததும் அனுராதா வழக்கம்போல அவசரமாகக் கிளம்பினார். அவர் கேட்டைத் தாண்டும்வரை தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, அந்த ஆன்ட்டியோட பொண்ணு எழுந்திரிக்கறப்ப அவங்க வீட்ல இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"நான் எழுந்திரிக்கறப்ப நீ அவங்களோட இருப்ப."

குறையாகச் சொல்லவில்லை அவள். டைம்டேபிள் போட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு, "நான் அத்தைகிட்டயே இருக்கேம்மா" என்றாள். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு குழந்தை தன் அம்மாவை விட்டு இருந்துகொள்கிறேன் என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்கு நிம்மதி வருகிறது என்றால் அது எப்படிப்பட்ட பிழைப்பு? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

கடைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும். ஞாயிறை விட முடியாது, அதனால் திங்கள். ஞாயிறு மதிய வகுப்பை முடித்துவிட்டு ஓசூர் ரோட்டில் போய் நிற்பேன். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் நம் ஜனங்கள் எதிர்ப்பக்கம் பஸ் பஸ்ஸாக, கார் காராக பெங்களூருக்குள் வந்துகொண்டிருப்பார்கள். நான் ஏறும் பஸ்ஸில் பாதிக்கு மேல் காலி. வீட்டில் அண்ணி எனக்காகப் புதுப் போர்வை எடுத்து வைத்திருப்பார். சமையலறைக்குள் நுழைந்தால், "நீ போய் உக்காரு, களைச்சு வந்திருக்க" என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியாது. தாரணியோடு சாப்பிட்டு முடித்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். மறுநாள் திங்கள், அவளுக்குப் பள்ளிக்கூடம். அவள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் நான் பஸ் ஏற வேண்டும்.

ஜூன் முழுக்க அப்படித்தான் போனது. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை அவளுக்கு வயிற்றுவலி வந்தது, பள்ளிக்கூடத்துக்கு நான் லீவு சொன்னேன். அடுத்த திங்களும் வலி வந்தது, அதற்கு அடுத்ததும். ஒரு நாள் மத்தியானம் அவள் வகுப்பு மிஸ் எனக்கு போன் செய்தார்.

"திங்கக்கிழமையானா உங்க பொண்ணுக்கு வயித்துவலி வந்துடுது. டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களே அந்த லைன்லதான் இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"பாக்கறேன் மிஸ்" என்றேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை தாரணி யூனிஃபார்ம் போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டு, பையைத் தோளில் மாட்டிய பிறகு வலி வந்தது. என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பாயில் படுக்க வைத்து எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். தொப்புளுக்குக் கீழே காட்டினாள். அழுத்தினேன். "இங்க இல்ல, இன்னும் மேல" என்றாள். மேலே அழுத்தினேன், பக்கவாட்டில் என்றாள். அழுத்தும்போது நிஜ வலி இருக்கும் வயிறு தானாக இறுகும். அவள் வயிறு பஞ்சுபோல இருந்தது. இதைத்தான் நாள் முழுக்க ஊரார் வயிற்றைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் கையை எடுக்கவில்லை. பள்ளிக்கு போன் செய்து வலி அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். அன்று பகல் முழுக்க நாங்கள் இருவரும் பாயைச் சுருட்டவே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு செருப்பை மாட்டும்போது தாரணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் சட்டையை மட்டும் கழற்றியவள், மேலே வீட்டு பனியனும் கீழே பள்ளிக்கூடப் பாவாடையுமாக அப்படியே இருந்தாள்.

"இப்ப வயிறு எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சு."

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போயிடுவ இல்ல?"

"போவேன். நாளைக்கு வலிக்காதும்மா. அடுத்த திங்கக்கிழமைதான் வலிக்கும்."

"வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டேன்.