பிடிக்காத திருகாணி

மாமா மெயின்லேண்டுக்குக் கப்பலேறப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அந்தமானில் அவளுக்கிருந்த ஒரே பிறந்த வீட்டு ஆள், அந்தத் தம்பிதான். மரம் வெட்டும் கேம்புக்குத் தச்சுவேலை செய்ய வந்தவர், வேலை முடிந்த பிறகும் ஏழெட்டு மாதம் எங்களோடு தங்கிவிட்டார். அதே கேம்பில் படகோட்டியான அப்பா, "இந்த வீட்டுல நான் விருந்தாளி, உன் தம்பிதான் மாப்பிள்ளை" என்று முனகாத நாளில்லை. டிக்கெட்டையும் அப்பாவேதான் வாங்கிவந்தார்.

கப்பல் பிடிக்க மாயாபந்தர் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போக வேண்டும். எங்கள் டிங்கியில், அந்தச் சின்னத் துடுப்புப் படகில், ஒரு மணி நேரம். டிங்கியின் விளிம்பில் துடுப்பைத் தாங்கும் இரும்புக் கவை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. விளிம்பு மெது மரம். மழையில் ஊறித் துளைகள் அகன்றுவிட்டதால், எவ்வளவு முடுக்கினாலும் திருகாணி சும்மா சுற்றியது. முந்தின நாள் மதியம் மாமா தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளியெறிந்து, குச்சிகளைத் துளைக்குள் நெருக்கித் திணித்துவிட்டு ஆணியை முடுக்கினார். கிறீச்சென்று பிடித்தது.

"தீக்குச்சிய நம்பிப் படகு விடறியா?" என்றார் அப்பா.

"ஜெட்டி வரைக்கும் தாங்கும் மச்சான். டீக் ஹை? சரிதானே?"

எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கென்று மரத்தைக் குடைந்து பல்லாங்குழி செய்து தந்தவர் மாமா. அவர் குளிக்கப் போனதும் நான் ஆணிகளைக் கழற்றி, குச்சிகளை ஊக்கால் தோண்டியெடுத்துத் தண்ணீரில் போட்டேன். வெறும் துளைகளில் ஆணிகளைப் பழையபடி செருகிவைத்தேன். படகில் போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

காலையில் அப்பாவும் மாமாவும் ஏறிய டிங்கி வளைவில் மறைந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அத்தை, "க்யா ஹுவா பேட்டி?" என்று, என்ன ஆச்சு மகளே என இந்தியில் கேட்டதற்கு அழுகைதான் வந்தது.

வெகுநேரம் கழித்து டிங்கி திரும்பி வந்தது. அப்பா பின்பக்கம் நின்றுகொண்டு ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தார். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஜெட்டி கண்ணுக்குத் தெரியுது, அங்க போய்க் கவை பிடுங்கிக்கிச்சு. நல்ல தச்சன் உன் தம்பி!" என்று அப்பா கரையிலிருந்தே கத்தினார். அம்மா உள்ளே போய் இன்னும் ஒரு படி அரிசி களைந்தாள்.

மறுநாள் மாமா துளைகளைப் பார்த்தார். ஓரத்தில் ஊக்குக் கீறல்கள். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கெட்டியான படாக் மரத்தில் முளைகள் செதுக்கி, துளைகளில் அடித்து இறுக்கி, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு, அந்த முளைகளிலேயே புதிதாகத் துளையிட்டு ஆணியை முடுக்கினார்.

"இதப் பிடுங்க ஊக்கு பத்தாது, குட்டி" என்றார் மெல்ல. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கப்பலுக்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அப்பாவின் முனகல் மட்டும் நிற்கவில்லை.

மாமாவைத் தடுத்து நிறுத்தியது நான்தான் என்று பல வருடம் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. ஜெட்டி தெரிகிற இடத்திலிருந்து வீடுவரை ஒற்றைத் துடுப்பால் தள்ளிவந்த மனிதருக்கு, மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச தூரம் முன்னால் போவது ஒரு பெரிய காரியமே இல்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.