ஏழாவது மாடி அக்காவும் எங்கள் நான்கு பக்கக் கடிதமும்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கெல்லாம் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாகற்காய் பொரியும் வாசம் கிளம்பிவிடும். மேலே இரண்டாவது மாடியில் நாங்கள் பன்னிரண்டு பேர் அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எச்சில் விழுங்குவோம்...

பிரிக்பீல்ட்ஸில் அந்த வகுப்புக்கு வந்த யாராவது இங்கே இருக்கிறீர்களா?

இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் மாணவர்களுக்கான இரண்டு வருட வகுப்பு அது. வக்கீல், சமூகநல அதிகாரி, தொழிலாளர் ஆலோசகர் என்று மக்களுக்காக நிற்கும் வேலைகளுக்குப் போக ஆசைப்படுகிறவர்களைத் தயார் செய்வார்கள். என் வகுப்பு முழுக்கக் கணக்கு டியூஷனுக்கு ஓடும் நேரத்தில், நான் மட்டும் கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறுவேன்.

"வக்கீலாகறதுன்னா போ. ஊர் பிரச்சனைய தலையில தூக்கிட்டு வர்றதுன்னா, பேசாம டியூஷனுக்கே போயிரு லா," என்றார் அம்மா.

இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே ரயிலுக்கு ஓடினேன்.

முதல் வருடக் கடைசியில் களப்பணி. மூன்று பேர் சேர்ந்து ஒருவருடைய பிரச்சனையைக் கேட்டு, அதைத் தீர்த்துக் காட்ட வேண்டும். என்னோடு ஹேமாவும் கவினும். ஹேமாவின் ஆங்கிலத்துக்கு டீச்சர்களே பயப்படுவார்கள். கவின் பேச்சுப் போட்டிக் கோப்பைகளோடு பிறந்தவன் மாதிரி நடப்பான்.

எங்களுக்குக் கிடைத்தவர் பூச்சோங் அடுக்குமாடி ஒன்றில் ஏழாவது மாடியில் இருந்த சாந்தி அக்கா. விபத்துக்குப் பிறகு வீல்சேர். வீட்டிலேயே பிளவுஸ் தைப்பார். லிஃப்ட் கெட்டு மூன்று மாதம், அவர் தரையைத் தொட்டும் ஏறக்குறைய மூன்று மாதம்.

"உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்.

"மீனு வாங்கணும் மா."

கவினின் பேனா நின்றுவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன்தான். ஆனா கண்ணு உள்ள போன கெம்போங் மீனா பாத்து பாத்து கொண்டாறாரு. நானே பாசாருக்குப் போயி செவுளத் தூக்கிப் பாத்து வாங்கணும். ஆஸ்பத்திரிக்குன்னா நாலு பேரு தூக்கிட்டு எறங்குவாங்க. மீனு வாங்க யாரப்பா கூப்பிடறது?"

உள்ளே அவர் கணவர் இருமினார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினோம். நான்கு பக்கம்! அரசியலமைப்பு, ஐக்கிய நாடுகள் சபை எல்லாம் வந்தது. 'மனித மாண்பு' மட்டும் ஆறு இடத்தில், கவினின் உபயம். மீன் எங்கேயும் இல்லை, அது கொஞ்சம் சில்லறையாகப் பட்டது.

மறு சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் மூவரும் விறைப்பாக நின்றோம். மேசையில் இருந்த மலாய்ப் பெண்மணியை எல்லோரும் கக்கா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பாகுஸ், டெக்... தாப்பி லிஃப் மானா?"

நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த லிஃப்ட்?

நான்கு பிளாக், பிளாக்குக்கு ஒரு லிஃப்ட். நாங்கள் எந்த நம்பரும் எழுதவில்லை. உலகத்து நீதியெல்லாம் எழுதியிருந்தோம், இதை எழுதவில்லை. முதலில் கவின்தான் சிரித்தான், அப்புறம் கக்காவே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர்தான் விஷயத்தையும் சொன்னார். மூன்று மாதமாக எல்லோரும் வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்த்தார்களே தவிர, எழுத்தில் ஒரு புகார்கூட வரவில்லையாம். அது இல்லாமல் அவரால் மேலிடத்தை நெருக்க முடியாது. ஒரே ஒரு புகார்ப் படிவத்தை நீட்டினார். காரணம் எழுத இரண்டு வரி இடம்.

ஹேமா எழுதினாள்: வீல்சேரில் இருக்கும் பெண் மூன்று மாதமாக மார்க்கெட்டுக்குப் போக முடியவில்லை.

மற்ற வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் சேர்ந்தால் பலம் என்று மாடி மாடியாக ஏறினோம். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் ஓர் அங்கிள், "வாட்டர் ஃபில்டர் வேணாம் லா, ஏற்கனவே இருக்கு," என்று கதவைச் சாத்தினார். அக்கா பெயரைச் சொன்னதும் திறந்தார், பேனாவும் அவரே கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் மூன்று சனிக்கிழமை கக்காவின் மேசைக்குப் போய் நின்றோம். நான்காவது வாரம் லிஃப்ட் ஓடியது.

அன்று அக்காவோடு நாங்களும் இறங்கினோம். பாசாரில் மீன்காரரிடம் அவர் போட்ட சண்டை இருக்கிறதே... ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்ப வைத்து! பத்து நிமிடத்தில் எங்களை மறந்தே போனார். பிறகுதான் திரும்பினார்.

"நீங்க இன்னும் போகலயா? போங்கப்பா. நான் நண்டு பாக்கணும், நேரமாகும்."

"ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல லா," என்றான் கவின். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பக்கத்துக் கடையில் ஆளுக்கு மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அப்படி ஒரு பசி, அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது வகுப்பு நடந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருக்கிறது. ஹேமா மெல்போர்னில், கவின் பூச்சோங்கிலேயே வீடு விற்கிறான். நான் மட்டும் மக்களுக்காக நிற்கும் அந்த வேலைக்கே வந்துவிட்டேன். ஏர்கான் அறை, எல்லாக் கோப்பும் கணினியில், ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு படிவம் போகிறது. அந்த மூன்று பேர் சேர்ந்து மாடி ஏறிய மூச்சுவாங்கல்தான் இல்லை.

ஆனாலும் சில நாள், கேஸ் முடிந்துபோனவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க நானே போன் செய்வேன். பின்னால் ஒரே கடைத்தெருச் சத்தமாக இருக்கும். "வெளிய இருக்கேன் மா, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிடுவார்கள்.

அப்புறம் பேசவே மாட்டார்கள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.