கும்மென்று கேட்டால் போதுமா?

போன மாதம் திருச்சுழிப் பக்கம் ஒரு கல்யாணம். கடைசிப் பாட்டு முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தும் துரைப்பாண்டி பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீக. பேஸை இனி கீபோர்டுலயே வாசிச்சிருவோமா? நீங்க வாசிக்கிறது பின்னாடி இருக்கிறவுகளுக்குக் கேக்கவே மாட்டேங்குது.”

பதினோரு வருஷமாக இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பாட்டுக்கு அடியில் ‘தும்... தும்...’ என்று போகுமே, அதுதான். வலித்தது. மறைப்பானேன்?

“இன்னும் ஒரு புரோகிராம் பாப்போம் தம்பி” என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தக் காயிலுக்கு பிக்கப் என்று பெயர். என் கிட்டாரில் நடுவில் ஒன்றுதான். இன்னொன்றை வாங்கி, வீட்டில் கிட்டாரின் கழுத்துப் பக்கமாக டேப்பால் ஒட்டி வாசித்துப் பார்த்தேன். கும்மென்று வந்தது... சொக்கிப்போனேன். இனி மரத்தைக் குடைந்து பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

அருப்புக்கோட்டையில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் ராணியிடம், ஒயர் வேலைக்காகக் கொண்டுபோனேன்.

“எங்க வச்சுக் கேட்டீகண்ணே?”

“வீட்லதான். ஏன்?”

“மோட்டாரும் என் மேசையில நல்லாத்தான் ஓடும். போருக்குள்ள எறக்குனாத்தான் தெரியும். குடைஞ்சிட்டா அப்புறம் நகத்த முடியுமா?”

அடுத்த புரோகிராம் பந்தல்குடியில், ராணியின் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. காலையிலேயே வந்துவிட்டாள். பிக்கப்பை ஒரு மரச்சட்டத்தில் கட்டி, தந்திகளுக்கு மேலே கவிழ்த்து, சைக்கிள் ட்யூபை வெட்டிய வளையத்தால் கிட்டாரோடு இறுக்கினாள். பிறகு பந்தலின் கடைசியில், சமையல் நடக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

முதலில் கழுத்துப் பக்கம். எனக்கு அமிர்தம். ராணி உதட்டைப் பிதுக்கினாள்.

அடுத்து, தந்திகள் போய் முடியும் பிரிட்ஜ் பக்கம். சே... தகர டப்பாவைத் தட்டுவது போல் இருந்தது. அங்கே ராணி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்!

நான் நம்பவில்லை. ஒயரை நீட்டிக்கொண்டு, குழுவோடு வாசித்தபடியே பின்னால் போய்க் கேட்டேன். கழுத்துப் பக்கத்துச் சத்தம் டிரம்ஸுக்குள் கரைந்து காணாமல் போயிருந்தது. தகர டப்பாவோ, சாம்பார் அண்டா வரைக்கும் ஒவ்வொரு ‘தும்’மாக வந்து சேர்ந்தது.

எனக்கு இனிப்பது வேறு, எதிரே இருப்பவரைப் போய்ச் சேருவது வேறு — இது தெரிய எனக்குப் பதினோரு வருஷமா? நான் எழுதும் இந்தப் பத்தியும் அப்படித்தானோ என்று ஒரு பயம் வேறு வந்துவிட்டது.

அன்று முழுக்க ட்யூப் கட்டோடுதான் வாசித்தேன். துரைப்பாண்டி கீபோர்டு பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் ஆசாரி பிரிட்ஜ் பக்கமே குடைந்து கொடுத்தார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. “பழைய சத்தம் போயிருமா ராணி?”

“நடுவுல இருக்கிறத யாரு கழட்டச் சொன்னா? ரெண்டுக்கும் தனித்தனி வால்யூம் போட்டுத் தாரேன். வீட்டுக்கு அது, பந்தலுக்கு இது.”

போன ஞாயிறு குமாரலிங்கபுரத்தில் ஒரு வளைகாப்பு. மூன்றாவது பாட்டில் துரைப்பாண்டி என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அண்ணே, பேஸைக் கொஞ்சம் கொறைங்க.”

குறைத்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.