எமரி போட்ட ஷாஃப்ட்

எக்ஸ்ரே கருவியைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாக இரும்பை அளந்து ஓய்வு பெற்றவன் நான். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே போல இது படம் எடுக்காது. கிரைண்டிங் கல்லில் அரைத்த உலோகத்தின் மேல்தோல் இழுபட்டு நிற்கிறதா, அமுங்கி நிற்கிறதா என்று சொல்லும். இழுபட்டு நின்றால் விரிசல் விடும். அமுங்கி நின்றால் பயமில்லை.

ஏர்வாடிப் பக்கம் ஒரு பட்டறையில் அரைத்த வின்ச் ஷாஃப்ட், அதாவது வலையிழுக்கும் உருளையின் அச்சுத்தண்டு, விசைப்படகில் ஓடும்போதே முறிந்து ஒருவர் கை போய்விட்டது. அரைத்தவர் முனியசாமி. பரமக்குடிப் பக்கம் விவசாயம் பொய்த்துப்போய் மெஷினுக்கு வந்தவர்.

"இவன்தேன் கல்ல அழுத்தி ஓட்டிச் சூடேத்திருக்கான். அடுத்த ஷாஃப்டும் இப்பிடித்தான்னா வீட்டுக்கு அனுப்பிருவேன் சார்" என்றார் என்னை வரவழைத்த முதலாளி.

அடுத்த ஷாஃப்ட் பளபளவென்று மேசையில் இருந்தது. மூன்று இடத்தில் அளந்தேன். எல்லாம் நல்ல அமுக்கம். குற்றமில்லை என்றேன். மத்தியானமே படகில் மாட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. எனக்கோ நல்ல பசி. அவசரமாக ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன்.

முனியசாமி மட்டும் நகரவில்லை.

"சார், அரைச்சு ஒரு வாரமாச்சு. கடக்காத்துல துரு கட்டிருச்சு. நீங்க வாரீகன்னு காலையில நாந்தேன் எமரித் தாள் போட்டுத் தேச்சு வச்சேன். அதுல அளவு மாறுமா?"

மாறும். எமரித் தாளின் சொரசொரப்பு மேல்தோலை அமுக்கிவிடும்; அடியில் இழுப்பு இருந்தாலும் கருவிக்குத் தெரியாது. அத்தனை நேரம் நான் அளந்தது அவர் காட்டிய மரியாதையைத்தான். அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே நான் கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

"மறுபடி அளந்தா உங்க வேலைக்கே ஆபத்து வரலாம்."

"தெரியும் சார். படகுல நாலு பேரு நிப்பாகள்ல."

உப்புக் கரைசலும் மின்சாரமும் வைத்து, எமரி பட்ட தோலைக் கரைத்துவிட்டு அளந்தேன். பலமான இழுப்பு. முதலாளி வாயெடுக்கும் முன் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னேன். கல்லைக் குளிர்விக்கும் கூலண்ட் குழாய் துருப்பிடித்து அடைத்து, கல்லில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. சூடேறாமல் என்ன செய்யும்?

"மாத்தணும்னு ரெண்டு மாசமாச் சொல்றேன் சார்" என்றார் முனியசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி குழாயைத் தட்டிப் பார்த்தார். "புதுசு வாங்கிருவோம். முனியசாமி, நீயே வேற ஒண்ணு அரைச்சுக் குடு."

அதிலிருந்து எந்தப் பட்டறைக்குப் போனாலும், கருவியைத் திறப்பதற்கு முன் இதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று கேட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன்.

அன்று ரிப்போர்ட்டில் 'அளந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கீழே, படிவத்தில் இல்லாத ஒரு வரியை நானே சேர்த்தேன்: 'முதல் அளவு தவறு. கண்டுபிடித்தவர், கிரைண்டர் முனியசாமி.'