ஏழு நாளில் தீர்ந்த மனு

நாகர்கோவிலில் அமைச்சரின் முகாம் அலுவலக வாசலில் ஒரு பலகை இருந்தது. அவர் பெயருக்குக் கீழே அவர் பொறுப்பில் இருந்த துறைகளை எழுதியிருந்தார்கள். சட்டம், நீதிமன்றங்கள், சிறைச்சாலைகள். போலீஸ் அதில் கிடையாது. அது அவருக்கும் மேலே இருப்பவர் கையில். ஆனால் எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் போலீஸ் விஷயமாகத்தான் வந்தார்கள், மீதிப்பேர் வீட்டுச் சண்டைக்காக. பலகையைப் படித்துவிட்டு யாரும் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை. "சட்ட மந்திரின்னா சட்டம் அவருக்க கையிலதானே இருக்கும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

நான்கு வருஷம் அங்கே மனு வாங்கும் வேலை பார்த்தேன். தற்காலிக வேலைதான். படிப்பைப் பார்த்து என்னை எடுக்கவில்லை, கையெழுத்தைப் பார்த்து எடுத்தார்கள். கணினி வந்து எத்தனை காலமானாலும், எழுதத் தெம்பில்லாமல் அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு யாராவது உட்கார்ந்து எழுதித்தானே ஆக வேண்டும். அதை நான் செய்தேன். "அச்சடிச்ச மாதிரி இருக்கு மக்கா" என்று அமைச்சரின் உதவியாளர் என் எழுத்தை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். எனக்கும் அதில் பெருமை உண்டு. இல்லையென்று இப்போது சொன்னால் பொய்.

அமைச்சரிடம் மூன்று பதில்கள் இருந்தன. வழக்கு கோர்ட்டில் இருந்தால், "நீதிமன்ற விஷயத்தில நான் தலையிடக் கூடாதும்மா." ஸ்டேஷனில் இருந்தால், "அந்தத் துறை எங்கிட்ட இல்லியே." கல்யாணம், விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று வந்தால், "அது டெல்லியில போட்ட சட்டம்லா." மூன்றுமே உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் மனம் விட்டுத் திட்டியாவது இருக்கலாம். அவர் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதும் இல்லை. மனுவை இரண்டு கையாலும் வாங்குவார். மூலையில் பச்சை மையில் சின்னதாக ஒரு கிறுக்கல் போடுவார். அந்தக் கிறுக்கலைப் பார்த்ததும் வந்தவர்களின் முகம் தெளிந்துவிடும். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதன் பிறகு அந்த மனு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான்தானே அனுப்புகிறேன். ஒரு ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை என்று மனு வந்தால், அது எங்களிடமிருந்து மாவட்ட போலீஸ் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு படி கீழே இறங்கும். அங்கிருந்து இன்னொரு படி. கடைசியில் யார் வாங்க மாட்டேன் என்றாரோ அவருடைய மேசைக்கே போய்ச் சேரும். இது ஊரறிந்த விஷயம். ஆனாலும் எங்களிடம் ஒரு மருந்து இருந்தது. மனுவின் முகப்பில் சிவப்பு மையில், "மிக அவசரம். ஏழு நாளில் அறிக்கை தேவை" என்று எழுதினால் அது எங்கேயும் தூங்காது. கட்சிக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் மட்டும் உதவியாளர் அதை எழுதச் சொல்வார். ஏழாம் நாள் பதில் கட்டாயம் வரும். நான் பதிவேட்டில் 'தீர்வு காணப்பட்டது' என்று முத்திரை குத்துவேன். பதில் வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நம்பினேன். வந்த பதில்களை நின்று படித்துப் பார்த்தது கிடையாது.

என் தங்கையை மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு கல்ஃபில் ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். அவன் வருகிற மாதத்தில் தங்கை எங்களுக்கு போன் செய்யமாட்டாள். ஏன் என்று எங்களுக்குத் தெரியும், கேட்கவும் மாட்டோம். போன லீவில் ஒருநாள் காலையில் அவள் ஆட்டோவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். காதோடு சேர்த்து ஒரு துவர்த்துத் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் நான்கு தையல் போட்டார்கள். ஊசி குத்தும்போது கூட அவள் அழவில்லை. "அக்கா, பிள்ளைய ஆட்டோவுலேருந்து பறிச்சு எடுத்துட்டான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளைக்கு ஐந்து வயது.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் அம்மா தையலைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "சபையில பேசினியளா? ஐயர்ட்ட சொன்னியளா? மொதல்ல அங்க பேசுங்க" என்றார். ஐயர் என்றால் எங்கள் சர்ச் போதகர். எங்கள் பக்கத்தில் இது ஒரு முறை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் போலீஸ் சபையைக் கேட்கும். சபைக்குப் போனால் கமிட்டிக்காரர்கள், "ஸ்டேஷன் வரைக்கும் போயாச்சே, இனி நாங்க என்ன பேச?" என்பார்கள். கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் என்பது எங்களுக்கு ஒரு பட்டம் மாதிரி. பெண் பார்க்க வரும்போது அதைச் சொல்லித்தான் பெண் கேட்பார்கள். புகாரை வாங்கியதற்கு ஒரு ரசீது கூடத் தராமல் எங்களை அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். "அக்கா, நீ மந்திரிக்கிட்டதானே இருக்க? எனக்காச்சுட்டி ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?"

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் உட்கார்ந்து அமைச்சர் இப்படிச் சொன்னார், அப்படிச் செய்தார் என்று அளந்தவள் நான். அவள் கேட்காமல் என்ன செய்வாள்? மறுநாளே அவளை ஒரு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் அலுவலகத்துக்கு எதிரிலேயே ஒரு வக்கீலம்மா இருந்தார். தங்கை அதையும் கேட்டாள். நான்தான் தடுத்தேன். "கேஸ் போட்டா பிள்ள பத்தாங்கிளாஸ் போயிருவா. மனு போட்டா ஏழு நாளு. நான் பாத்துக்கிடுகேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மனுவை நானே எழுதினேன். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். தையலின் எண்ணிக்கை, ஆட்டோவில் நடந்தது, ஸ்டேஷனில் சொன்னது, பிள்ளையை அம்மாவிடம் சேர்க்க வேண்டும் என்பது, எல்லாம். தங்கை கீழே கையெழுத்துப் போட்டாள். உதவியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். "நம்ம பிள்ளைக்கு இல்லாத சிவப்பு மையா?" என்றார். முகப்பில் நானே எழுதினேன். அமைச்சர் இரண்டு கல்யாண வீடுகளுக்கு நடுவில் காரில் ஏறப் போகும்போது பச்சைக் கிறுக்கலைப் போட்டார். படிக்கவில்லை. படித்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்திருக்கிறேன்.

மூன்றாம் நாளே மனு அந்த இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போய்விட்டது. ஐந்தாம் நாள் ஸ்டேஷனில் இருந்து தங்கைக்கு போன் வந்தது. "மந்திரி ஆபீஸ்ல இருந்து பேப்பர் வந்திருக்கு, சட்டுனு வாம்மா" என்று மரியாதையாகப் பேசினார்களாம். அவள் நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். போகிற வழியில் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கினாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அன்றைக்கு பத்மநாபபுரம் பக்கம் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தை அமைச்சர் திறந்து வைக்கிறார். அவர் வாசிக்க வேண்டிய உரையைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. பெண்ணின் கண்ணீருக்கு இந்த அரசு பதில் சொல்லும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அழகாகத்தான் எழுதினேன்.

ஸ்டேஷனில் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் சபைக் கமிட்டிக்காரர் ஒருவரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை மாமியாரின் மடியில் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். இரு தரப்பும் சமாதானமாகப் போகிறோம், என் மனம் ஒரு நிலைக்கு வரும்வரை பிள்ளை தகப்பன் வீட்டில் இருப்பதில் எனக்குச் சம்மதம், மனு மீது மேல் நடவடிக்கை தேவையில்லை. இவ்வளவுதான் அதில். தங்கை மாட்டேன் என்றிருக்கிறாள். "இது கோர்ட்டு பேப்பர் ஒண்ணும் இல்லம்மா. மந்திரி ஆபீஸுக்கு நாளைக்குள்ள பதில் போடணும். ஒப்பு போட்டா பிள்ளைய இப்பமே தூக்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். கமிட்டிக்காரரும், "போட்டுக் குடு மக்கா, பெறவு பேசிக்கிடலாம்" என்றாராம். பிள்ளை கையை நீட்டி, "அம்மா" என்று கூப்பிட்டது. தங்கை கையெழுத்துப் போட்டாள். பிள்ளையைப் பத்து நிமிஷம் மடியில் வைத்திருக்க விட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள். பிறகு மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவசரம் என்று எழுதினால் நியாயம் அவசரமாக வரும் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஒரு பதில்தான். சமாதானப் பேப்பரை விடச் சீக்கிரம் கிடைக்கும் பதில் எது? நான் சிவப்பு மையைத் தொடாமல் இருந்திருந்தால் அந்த மனு ஏதோ ஒரு தட்டில் தூங்கியிருக்கும். தங்கையை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவளும் எங்கேயும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

ஏழாம் நாள் பதில் என் மேசைக்கு வந்தது. அன்றுதான் முதல்முறையாக ஒரு பதிலை முழுதும் படித்தேன். "பாத்தியா, ஏழு நாளுல முடிஞ்சிட்டு" என்றார் உதவியாளர். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். மாதக் கணக்கு மத்தியானத்துக்குள் சென்னைக்குப் போக வேண்டும். எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது என்று அமைச்சர் மேடையில் சொல்வார். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். அந்தத் தாளைக் கொண்டுபோய் அமைச்சரின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும். முத்திரையை எடுத்தேன். தங்கையின் பெயருக்கு நேரே 'தீர்வு காணப்பட்டது' என்று குத்தினேன். நன்றாகப் பதியவில்லை. இன்னொரு முறை குத்தினேன்.

இதற்குப் பிறகுதான் எதிரே இருந்த வக்கீலம்மாவிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "மொதல்ல இங்க வந்திருக்கலாமே" என்றார். குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். மாப்பிள்ளையின் வக்கீல் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எல்லாத் தாளையும் எடுத்திருந்தார். சமாதானப் பேப்பர் மேலே, என் இரண்டு பக்கம் கீழே, முகப்பில் என் சிவப்பு எழுத்து. "அமைச்சர் அலுவலகம் வரைக்கும் போய், அவங்களே சமாதானமா எழுதிக் கொடுத்து முடிச்ச விஷயம்" என்று வாதாடினார். நீதிபதி தங்கையிடம் தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? வழக்கு முடியும்வரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை அம்மா பார்க்கலாம் என்று உத்தரவானது.

வெறுத்துப்போய் வேலையை விட்டேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. இலாகா மாறியது, பலகை மாறியது, முகாம் அலுவலகம் காலியானது, என் வேலை தானாகப் போனது. புதியவரின் பலகை வேறொரு தெருவில் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகும்போது மனுக்காரர்கள் வரிசையில் நிற்பதைப் பார்ப்பேன். பேசாமல் போய்விடுவேன்.

சனிக்கிழமைகளில் தங்கையோடு நானும் போகிறேன். நீதிமன்றத்தில் அதற்கென்று ஒரு அறை இருக்கிறது. சுவரில் பூனை, மயில் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. முதலில் ஓடிவந்து மடியில் ஏறும். இப்போது வந்து எதிரில் உட்காருகிறது. போன தடவை நான் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளை இரண்டு எடுத்துக் கடித்தபடி என்னிடம் கேட்டது.

"பெரியம்மா, அம்மா என்னை வேண்டாம்னு மந்திரிக்கு லெட்டர் எழுதினாளாமே? அம்மச்சி சொன்னா. லெட்டரையும் காட்டினா. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன், எல்லா எழுத்தும் நல்லாத் தெரிஞ்சுது."

அம்மச்சி என்றால் தங்கையின் மாமியார். அவர்கள் வக்கீல் எடுத்த தாள்களில் இருந்த என் மனுவைத்தான் காட்டியிருக்கிறாள். பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இரண்டு பக்கமும் என்ன சொல்கிறது என்று புரிகிற வயதில்லை. அம்மச்சி புரியவைத்ததுதான் புரிந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை பேசினாள். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லாதவள் அவள். நானே பேச்செடுத்தாலும், "அதை விடு அக்கா" என்று எழுந்து போய்விடுவாள்.

"அம்மா எழுதல்ல மக்கா" என்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. "அந்த லெட்டரை எழுதினது பெரியம்மா."

பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. பிறகு கையில் மிச்சமிருந்த சிப்ஸைப் பாக்கெட்டுக்குள்ளேயே போட்டு, பாக்கெட்டை என் பக்கம் தள்ளி வைத்தது.